சிறுவேந்தன் துயிலும் மலைநாடு

கொரியாவுக்குச் செல்லும் யாத்திரிகருட் பெரும்பாலோர் சியோல் மாநகரின் அரண்மனைகளைக் கண்டு, கடைத்தெருக்களிற் பொருள் வாங்கி, அவ்வளவில் மீண்டு விடுகின்றனர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டை ஆண்ட ஜோசன் வமிசத்தின் செல்வச் சிறப்பை அவ்வரண்மனைகள் நன்கு காட்டும். அவ்வமிசத்தின் பெருந்துயரொன்று புதைந்து கிடக்கும் இடமோ கிழக்கேயுள்ள மலைநாட்டில் இருக்கின்றது. காங்வொன் மாகாணத்தின் தென்பாகத்தில், மலைகளுக்கும் ஆறுகளுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் யோங்வோல் என்னும் மாவட்டமே அது. நாற்பதினாயிரம் பேர்கூட வாழாத அவ்விடத்தைச் சென்ற ஐப்பசி மாதத்திற் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

ஆசிரியர் கருத்தரங்கொன்றின் பொருட்டுச் சியோலுக்குச் சென்றிருந்தேன். முடிவில் இரண்டு நாள் ஓய்வு கிடைத்தது. நான் சரித்திரம் கற்பிப்பவன் என்பதை அறிந்த கொரிய ஆசிரியர் ஒருவர், "சொன்செங்னிம், நீங்கள் பார்க்கவேண்டிய ஊர் யோங்வோல்தான்" என்று சொல்லித் தாமே உடன் வந்தார். சொன்செங்னிம் என்பது ஆசிரியரைக் கொரியர் மரியாதையாக விளிக்கும் சொல். வயதில் என்னிலும் இளையவராகிய அவர் இரண்டு நாளும் அச்சொல்லை விட்டு வேறொரு சொல்லால் என்னை அழைக்கவில்லை.

புகையிரதத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேலான பிரயாணம். நகரத்தின் அடுக்குமாடிகள் மறைந்ததும் மலைகள் இருபுறமும் நெருங்கி வரத் தொடங்கின. இலையுதிர் காலமாதலால் மேப்பிள் மரங்கள் செந்நெருப்பாய் நின்றன. இடையிடையே பைன் மரங்கள் மாத்திரம் பச்சை மாறாதிருந்தன. யோங்வோல் நிலையம் பழைய கொரிய மனையைப் போன்று வளைந்த ஓட்டுக்கூரையுடன் கட்டப்பட்டிருக்கின்றது. இறங்கியவர்கள் எங்களோடு பத்துப்பேர் இருக்கலாம்.

அவ்வூரைப் பற்றிச் சொல்லுமுன் அங்கே துயிலும் அரசனின் வரலாற்றைச் சுருக்கமாயேனும் சொல்லவேண்டும். கொரிய மொழிக்கு ஹங்குல் என்னும் எழுத்தை ஆக்கி 1446ஆம் ஆண்டிற் பிரகடனஞ் செய்த செஜொங் மன்னனின் பெயரை நம் மாணவர் சிலராவது கேட்டிருப்பர். அப்பெருமன்னனின் பேரனே தன்ஜொங். 1441இற் பிறந்தான், பிறந்த மறுநாளே தாயை இழந்தான். பாட்டன் 1450இல் மறைய, தந்தையாகிய மூன்ஜொங் இரண்டே ஆண்டுகள் அரசாண்டு 1452இல் இறந்தான். கொரியர் வயதெண்ணும் முறைப்படி பன்னிரண்டாம் வயதில் முடி சூடிய இச்சிறுவனுக்குத் துணை நிற்கத் தாயுமில்லை, பாட்டியுமில்லை. தந்தை நியமித்துச் சென்ற முதிய மந்திரிமார் மாத்திரமே இருந்தனர். சிறுவனின் சிற்றப்பனாகிய சுயாங் என்பவன் 1453இல் ஓரிரவில் அம்மந்திரிமாரை வெட்டி வீழ்த்தி ஆட்சியைக் கைப்பற்றினான். 1455இற் சிறுவன் முடியைத் துறக்க, சிற்றப்பன் செஜோ என்னும் பெயருடன் அரசனானான்.

பழைய அரசனை மீண்டும் அரியணையேற்ற முயன்று, 1456இல் அம்முயற்சி வெளிப்பட்டமையால் மாண்ட அறுவரைக் கொரியர் இன்றும் போற்றுகின்றனர். அவருள் ஒருவர் சொங் சம்முன். செஜொங் மன்னனின் எழுத்து முயற்சியில் உழைத்த அறிஞர். அதே முயற்சியில் அவரோடு தோளோடு தோள் நின்று உழைத்த நண்பர் ஷின் சுக்ஜூவோ புதிய அரசனின் பக்கம் சேர்ந்து உயர்பதவி பெற்றார். கொரியர் உண்ணும் முளைப்பயறுக் கறிக்குச் 'சுக்ஜூ' என்றொரு பெயர் உண்டு. விரைவிற் கெட்டுப்போகும் கறியாதலால் மக்கள் அப்பெயரை இட்டனர் என்பது வழிவழி வரும் கதை. ஷின் சுக்ஜூ பெரும் புலமையாளர், பல மொழி கற்றவர். ஆயினும் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவரை அடுக்களையில் நினைவு கூருகின்றனர். மதிய உணவின்போது அக்கறி எங்கள் முன்னும் வந்தது. நண்பர் சிரித்துக்கொண்டே அதனை என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

அறுவர் மாண்ட மறு ஆண்டு, 1457இல், தன்ஜொங் 'நோசன் இளவரசன்' என்று பதவி தாழ்த்தப்பட்டு யோங்வோலுக்கு நாடு கடத்தப்பட்டான். அவனை வைத்த இடம் சொங்நியொங்போ. முற்பகலில் நாங்கள் முதலிற் சென்றது அங்கேதான்.

சிறையொன்றை மனிதர் கட்டாமல் இயற்கையே கட்டி வைத்திருக்கக் கண்டது அன்றுதான். மேற்காறு என்று பொருள்படும் சோகாங் ஆறு, குதிரை இலாடம் போல் மூன்று பக்கமும் வளைந்து ஓடுகின்றது. நான்காம் பக்கத்திற் செங்குத்தான மலைமுகடுகள். நடுவே வெண்மணலும் கூழாங்கல்லும் பரந்த கரையும், அதற்கப்பாற் பைன் வனமும். இன்றும் அங்கே பாலமில்லை. சிறியதோர் இயந்திர வள்ளத்திலேயே செல்லவேண்டும். ஆறு அகலமானதன்று. வள்ளத்தில் ஏறி அமருமுன் அக்கரை வந்துவிடுகின்றது. கூப்பிட்டாற் கேட்கும் தூரத்தில் ஊர் இருந்தும் ஊரோடு சேர முடியாத இடம் அது. சிறை வைத்தவன் இடமறிந்தே வைத்திருக்கின்றான்.

வனத்தின் நடுவே அரசன் தங்கிய மனையைப் புதிதாகக் கட்டி, உள்ளே மெழுகுப் பதுமைகளை அரச உடையில் இருத்தியிருக்கின்றனர். பிள்ளைகளுக்கு அது பிடிக்கக்கூடும், எனக்குப் பிடிக்கவில்லை. அதனை விட்டு வெளியே வந்து, பைன்மரங்களுக்கு நடுவே நின்றபோதுதான் அவ்விடத்தின் தனிமை நெஞ்சில் உறைத்தது. அவற்றுட் பெரியது முப்பது மீற்றர் உயரமுள்ளது. அடியிலேயே இரண்டாகப் பிரிந்து வளர்ந்திருக்கின்றது. குவானும்சொங் என்று அதற்குப் பெயர். அரசனின் துயரைக் கண்டதும், அவன் அழுகையைக் கேட்டதுமான பைன் என்பது அப்பெயரின் பொருள். கவட்டில் அவன் அமர்ந்திருப்பானாம். மரத்தின் வயது அறுநூறு என்கின்றனர். எவ்வாறு கணித்தனர் என்று வினவினேன். அரசன் வந்த காலத்தில் அம்மரம் அறுபது ஆண்டு வளர்ந்திருக்கலாம் என்று கொண்டு, அதிலிருந்து எண்ணினராம்! மரத்துக்கும் அவனைக் கொண்டே வயது சொல்லுகின்றனர்.

சற்று மேலே ஏறினால், சியோலில் விட்டு வந்த அரசியை நினைத்து அவன் அடுக்கியதாகச் சொல்லப்படும் கற்குவியல் உண்டு. கீழே 1726ஆம் ஆண்டில் நாட்டிய கல்லொன்று. கிழக்கு மேற்காய் 300 அடியும், வடக்குத் தெற்காய் 490 அடியும் பொதுமக்கள் புகலாகாது என்று அது விதிக்கின்றது. அவ்வடி அவர்கள் நாட்டு அளவு. அரசன் வாழ்ந்த நிலம் மிதிபடலாகாது என்னும் மரியாதையால் எழுந்த கட்டளைதான். ஆனாலும் அவன் வெளியே வரக்கூடாதென்றிருந்த நிலத்துள், பிறர் உள்ளே வரக்கூடாதென்று மற்றொரு தடையையும் இட்டதை எண்ணி நெடுநேரம் அக்கல்லின் முன் நின்றேன்.

இரண்டு மாதமளவில் ஆறு பெருக்கெடுக்கவே, அவனை ஊருக்குள் இருந்த குவான்புங்ஹொன் என்னும் அரசாங்க விடுதிக்கு மாற்றினர். அக்கட்டிடம் இப்பொழுது கடைகளுக்கும் வாகனங்களுக்கும் நடுவே நிற்கின்றது. அருகிலுள்ள மண்டபத்தில் ஏறி நின்று, இரவிற் கூவும் குயிலைக் குறித்து அவன் பாடிய கவிதையால் அம்மண்டபத்துக்கே குயிலின் பெயர் வந்தது. அங்கேயே அவ்வாண்டின் பத்தாம் மாதத்தில் இறந்தான். பதினேழு வயது.

எவ்வாறு இறந்தான்? இவ்வினாவுக்கு விடை தேடியே நான் யோங்வோலுக்குப் போனேன் என்றாலும் பிழையாகாது. ஜோசன் அரசவைக் குறிப்புகள் உலகிற் சிறந்த சரித்திர ஏடுகளுள் வைத்து எண்ணப்படுவன. குறிப்பெழுதுவோர் எழுதியதை அரசனும் பார்க்கலாகாது என்பது மரபு. அக்குறிப்புகள், மாமனார் கொல்லப்பட்ட செய்தி கேட்டுத் தன்ஜொங் தானே தூக்கிட்டு இறந்தான் என்றும், உரிய முறையில் அடக்கஞ் செய்யப்பட்டான் என்றும் சொல்லுகின்றன. யோங்வோல் மக்களோ, சியோலிலிருந்து நஞ்சு வந்தது என்றும், உடலை ஆற்றில் எறிந்தனர் என்றும், எடுப்பவன் குலத்தோடு அழிவான் என்று அஞ்சி ஒருவரும் அணுகவில்லை என்றும் சொல்லுகின்றனர். அரசவைக் குறிப்பு வென்றவனின் வீட்டில் எழுதப்பட்டது. ஆனால் மக்கள் கதையையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதற்கில்லை. தன்ஜொங்கின் தாய் கனவில் வந்து சபித்தமையால் செஜோவின் மூத்த மகன் மாண்டான் என்றொரு கதை நாடெங்கும் வழங்குகின்றது. அவ்விளவரசன் இறந்தது 1457இன் ஒன்பதாம் மாதம். தன்ஜொங் இறந்தது பத்தாம் மாதம். பழி வாங்கிய சாவு, பழிக்கு முன்னரே நேர்ந்துவிட்டது! நண்பரிடம் இதனைச் சொன்னபோது, "மக்கள் நாட்காட்டி பார்ப்பதில்லை, சொன்செங்னிம், நீதி எப்படி நடந்திருக்கவேண்டும் என்றுதான் பார்ப்பார்கள்" என்றார்.

நான் இருபக்கமும் வைத்துப் பார்த்து, முறையான அடக்கம் என்னும் பகுதியையே நம்பக்கூடாததாகக் கொள்கின்றேன். காரணம் அவன் சமாதி இருக்கும் இடமே. அதனைப் பின்னர் சொல்லுவேன்.

பிற்பகலில் ஆறுகளைக் காணச் சென்றோம். யோங்வோலின் மலைகள் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. ஆறுகள் அதனைக் கரைத்தும் அறுத்தும் செய்திருக்கும் வேலை வியப்புக்குரியது. எழுபது மீற்றர் உயரமான பாறையொன்று பிளவுபட்டு ஆற்றோரம் தனியே நிற்கின்றது. பிறிதோரிடத்தில் ஆறு வளைந்து சூழ்ந்த நிலம் கொரிய நாட்டின் படத்தை அப்படியே ஒத்திருக்கின்றது. அதனாற் பகுதியின் பெயரையே 2009இற் 'கொரியத் தீபகற்பம்' என்னும் பொருள்பட மாற்றிவிட்டனர். எனக்கு மிகவும் பிடித்தது கிழக்காறாகிய தொங்காங். மேற்காற்றைப் பெண்ணாறு என்றும், கொந்தளிக்கும் கிழக்காற்றை ஆணாறு என்றும் அம்மக்கள் சொல்லுவர். முற்காலத்தில் மலைமரங்களைத் தெப்பமாகக் கட்டி அதன் வழியே சியோல்வரை செலுத்தினர். 1990களில் அங்கே பேரணையொன்று கட்ட அரசாங்கம் முயன்றது. மக்களும் இயற்கை ஆர்வலரும் எதிர்த்து நிற்க, 2000ஆம் ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அக்கரைப் பாறைகளில் மாத்திரம் முளைக்கும் ஊதாப் பூச்செடியொன்று அக்காலத்திலேயே ஆராய்ச்சியாளர் கண்ணிற் பட்டது. அணை எழுந்திருந்தால் பெயர் பெறுமுன்னரே பல இடங்களில் அது நீரில் மூழ்கியிருக்கும். அது பூப்பது வசந்தத்திலாதலால் நான் செடியின் நரைத்த தலையைத்தான் கண்டேன்.

இவ்விரண்டு ஆறுகளும் யோங்வோல் நகரருகே கூடித் தென் ஹான் ஆறு என்னும் பெயருடன் மேற்கே ஓடி, இறுதியிற் சியோலின் நடுவே செல்லுகின்றன. அவன் பார்த்திருந்த நீர் தலைநகருக்குப் போய்க்கொண்டேயிருந்தது.

மறுநாட் காலையிற் சமாதிக்குச் சென்றோம். ஜாங்னுங் என்று அதற்குப் பெயர். ஜோசன் வமிசத்தின் அரச சமாதிகள் தலைநகரைச் சூழ்ந்து அமைவதே விதி. அவற்றுள் நாற்பதை 2009இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. அந்நாற்பதனுள் காங்வொன் மாகாணத்தில் இருப்பது இஃதொன்றே. மற்றவற்றுட் பெரும்பாலானவை தாழ்ந்த மேட்டில், நேரான வழியோடு, வாளேந்திய கல்வீரர் காவலோடு விளங்குபவை. இதுவோ செங்குத்தான மலைமுதுகின் உச்சியில், மூச்சிறைக்க ஏறிச் சேரவேண்டிய இடத்தில் இருக்கின்றது. வாளேந்திய வீரன் ஒருவனுமில்லை. கீழேயுள்ள வழிபாட்டு மண்டபத்துக்கும் மேலேயுள்ள மேட்டுக்கும் நேர்ப்பொருத்தமுமில்லை. முறையான அடக்கம் இவ்விடத்தில் நிகழ்ந்திராது. அவசரத்தில், இரவில், எவரோ அஞ்சி அஞ்சிப் புதைத்த இடம் என்பதை மலையே சொல்லுகின்றது.

அந்த எவரோ என்பவரின் பெயரை மக்கள் மறக்கவில்லை. ஓம் ஹுங்தோ என்பார் அவ்வூரின் சிற்றதிகாரி. நம் பக்கத்தில் விதானையார் என்று சொல்லத்தக்க உத்தியோகம். மந்திரிமார் மாண்டும் மாறியும் போன பின்னர், ஊர்க்கணக்குப் பார்த்த அவரே உடலை எடுத்துத் தூக்கிச் சென்றார். பனி மூடிய மலையில் மான் ஒன்று படுத்தெழுந்த இடம் மாத்திரம் பனியற்றிருக்க, அங்கே புதைத்துவிட்டுக் குடும்பத்தோடு தலைமறைவானார் என்பது கதை. மான் வந்ததோ இல்லையோ, மலையுச்சியில் மேடு இருக்கின்றது. 1541இல் யோங்வோலை நிருவகிக்க வந்த பாக் சுங்வோன் என்பார் சமாதியைத் தேடிக் கண்டு திருத்தினார். 1698இல் சுக்ஜொங் மன்னன் காலத்தில், இறந்து 241 ஆண்டு கழிந்தபின், தன்ஜொங் என்னும் அரசப்பெயர் அவனுக்கு வழங்கப்பட்டது. அவன் காலத்து அரசவைக் குறிப்பு அதுவரை 'நோசன் இளவரசனின் நாட்குறிப்பு' என்றே இருந்தது. பின்னர் மேலட்டையில் அரசன் பெயரை இட்டனர். உட்பக்கங்களில் இன்றும் அவன் இளவரசனே.

சமாதி வளவில் ஓம் ஹுங்தோவுக்குச் சிறியதொரு நினைவு மண்டபம் உண்டு. அரசனுக்காக உயிர் நீத்தோர் 268 பேரின் பெயரைத் தாங்கிய மண்டபமும் உண்டு. மந்திரியும் பணிப்பெண்ணும் ஒரே கூரையின்கீழ் வழிபாடு பெறுகின்றனர்.

அரசியின் கதையை நண்பர் கடைசியாகவே சொன்னார். சொங் குலத்து அவ்வரசி அரசனைப் பிரிந்தபோது பதினெட்டு வயதினள். அரண்மனையை விட்டு வெளியேறிச் சியோலின் கிழக்கு வாயிலுக்கப்பால் துணிக்குச் சாயமிட்டு வாழ்ந்தாள் என்றும், நாடோறும் குன்றேறிக் கிழக்கே யோங்வோலை நோக்கி நின்றாள் என்றும் சொல்லுவர். செஜோவும் அவன் பின்வந்த அரசர் பலரும் மறைய, அவள் 1521வரை வாழ்ந்து எண்பத்திரண்டு வயதில் இறந்தாள். அவள் சமாதி சியோலுக்கு அருகே நம்யாங்ஜூவில் இருக்கின்றது, இரண்டையும் ஒன்றுசேர்க்கவில்லை. ஆனால் 1999ஆம் ஆண்டில் அவள் சமாதிப் பக்கத்துப் பைன்மரம் ஒன்றை வேரோடு கொணர்ந்து ஜாங்னுங்கில் நட்டனர்.

அம்மரத்தைக் காட்டும்படி கேட்டேன். மலைப்பாதை ஓரத்தில், ஏனைய மரங்களோடு மரமாய் நின்றது. பக்கத்தில் ஒரு சிறு கல் இல்லாவிடில் எவரும் கவனியார். பள்ளிப்பிள்ளைகள் கூட்டமொன்று அதனைக் கடந்து மேலே ஓடியது. பின்னால் வந்த அவர்களுடைய ஆசிரியை நின்று, அக்கல்லில் இருந்ததை அவர்களைக் கூப்பிட்டு உரக்க வாசிக்கத் தொடங்கினார். பாதி தூரம் ஏறிவிட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி இறங்கி வந்தனர்.