மூன்று மாதப் பயிர்

பட்டாணி என்றதும் நம்மில் பலருக்குக் கச்சாங் பூத்தேக்காரரின் காகிதச் சுருள்தான் நினைவுக்கு வரும். எனக்கோ எங்கள் வரிசை வீட்டின் பின்கட்டு நினைவுக்கு வரும். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் நிலவும் குளிர் பட்டாணிக்கு மிகவும் உகந்தது. கோலாலம்பூர் வெயிலில் விதை முளைத்தாலும் பூ உதிர்ந்துவிடும். காய் பிடிப்பது அரிது.

அப்பாவின் முறை எளிமையானது. முதல் நாள் இரவே விதையை நீரில் ஊற வைப்பார். மழை நீர் தேங்கினால் விதை அழுகிவிடும் என்பதால் மேட்டுப் பாத்திதான் போடுவார். ஒரு விரற்கணு ஆழத்தில் ஊன்றினால் பத்து நாளுக்குள் முளை தெரியும். கொடி பற்றி ஏறுவதற்குக் கவாத்து வெட்டிய தேயிலை மிலாறுகளை நட்டுவிடுவார். ஏழாவது வாரத்தில் வெள்ளைப் பூ. அதிலிருந்து மூன்று வாரத்தில் காய். பறித்த உடனே பட்டாணியின் இனிப்பு மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். அதனால் அம்மா அடுப்பில் சட்டியை ஏற்றிவிட்டுத்தான் பறிக்கப் போவார். அருகில் வாழும் சீனப் பாட்டி இளங்கொழுந்துகளைக் கேட்டு வாங்கிப் போய்ப் பூண்டு போட்டு வதக்குவார்.

ஒவ்வொரு முறையும் நல்ல கொடிகள் சிலவற்றில் காயைப் பறிக்காமல் முற்றவிட்டு, விதையை மைலோ டின்னில் சேர்த்து வைப்பது அப்பாவின் வழக்கம். இதன் அருமை, பல்கலைக்கழகத்தில் மரபியல் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. பட்டாணிப் பூ விரியும் முன்பே பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும். ஆகவே தாய்ச்செடியின் குணம் மாறாமல் வரும். கிரிகோர் மெண்டல் 1856 முதல் 1863 வரை மடாலயத் தோட்டத்தில் செய்த ஆய்வுக்குப் பட்டாணியைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1866இல் வெளிவந்த அவருடைய கட்டுரையை உலகம் கண்டுகொள்ள 1900 வரை ஆனது. அதற்குள் அவர் மறைந்து 16 ஆண்டுகள் ஓடிவிட்டன.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு பலா மரமோ மாமரமோ கிடையாது. சிறு வயதில் நான் காரணம் கேட்டபோது, "காய்க்கிறப்ப இங்க யாரு இருப்பாங்களோ, ஐயா" என்றார் தாத்தா. வீடு நிர்வாகத்துடையது; வேலை உள்ளவரைதான் குடியிருக்கலாம். மரம் வைப்பவனுக்கு மண் சொந்தமாக இருக்க வேண்டும். பட்டாணிக்கு மூன்று மாதம் போதும். தோட்டத்து மக்களுக்குத் தொலைநோக்கு இல்லை என்று பேசுபவர்களைக் கேட்கும்போதெல்லாம் தாத்தாவின் அந்தக் கணக்கு என் மனத்தில் வந்து நிற்கும்.

இவ்வாண்டு அப்பாவுக்கு 60 வயது நிறைகிறது. ஓய்வு பெற்றதும் ஈப்போவில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறோம். அந்த வெப்பத்தில் பட்டாணி வராது. கடைசி அறுவடை முடிந்ததும் அப்பா கொடிகளைப் பிடுங்கவில்லை. தரையோடு அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விட்டார். பட்டாணி வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்குபவை. வேர் மக்கும்போது அந்தச் சத்தில் ஒரு பகுதி மண்ணில் சேரும். "இனிமே யாருக்குப்பா இது?" என்றேன். "அடுத்து வர்ற குடும்பத்துக்கு. கீரையாவது போடுவாங்கல்ல" என்றார்.

நம்மில் பலருடைய வேர் ஏதோ ஒரு தோட்டத்தில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், பின்கட்டில் என்ன பயிரிட்டார்கள், எதை ஏன் பயிரிடவில்லை என்று கேட்டுப் பாருங்கள். நம் வரலாற்றின் ஒரு பக்கம் அந்தப் பதிலில் இருக்கும். மைலோ டின் இப்போது என்னிடம் இருக்கிறது. ஈரம் படாமல் வைத்தால் விதை மூன்று ஆண்டுகள் வரை முளைக்கும். மலைப்பகுதியில் வீடுள்ள நண்பர்கள் கேட்டால் ஒரு கைப்பிடி தருகிறேன். விளைந்ததும் எனக்கு ஒரு கைப்பிடி திருப்பித் தந்தால் போதும்.