பழுது பார்த்தல்

என் லேப்டாப்புக்குக் கம்பெனி கொடுத்த வாரன்டி 12 மாதம். அதை வாங்க நான் போட்டிருந்த இ.எம்.ஐ. 24 மாதம். 2022 ஜூனில் வாங்கியது, 2023 டிசம்பரில் பதினெட்டாவது தவணை கட்டிய வாரத்தில் நின்றுபோனது. கம்பெனியின் பொறுப்பு முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. என் பொறுப்பு முடிய இன்னும் ஆறு மாதம் பாக்கி. மாதம் 2,850 ரூபாய். பட்டனை அழுத்தினால் ஒரு சின்ன விளக்குகூட எரியாத கறுப்புத் தகட்டுக்கு ஜூன் வரை பணம் கட்டியாக வேண்டும்.

நான் புத்தகங்களுக்கு மெய்ப்பு பார்ப்பவள். பக்க வடிவமைப்பும் செய்வேன். இந்த வேலையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், எங்களுக்கு வருஷம் என்றால் அது டிசம்பர்தான். ஜனவரி முதல் வாரம் நந்தனத்தில் புத்தகக் கண்காட்சி. அதுவரை போனையே எடுக்காத பதிப்பாளர்கள்கூட டிசம்பரில் நாளுக்கு நாலு தடவை கூப்பிடுவார்கள். அந்த மாதம் கையில் மூன்று புத்தகம் இருந்தது. கோப்புகள் எல்லாம் கூகுள் டிரைவில் பத்திரமாக இருந்தன. அவற்றைத் திறக்க மெஷின்தான் இல்லை. டிசம்பரை விட்டால் மார்ச் வரைக்கும் வாடகைக்குத் திண்டாட வேண்டும்.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். மொழி, பொருளின் வகை, சீரியல் நம்பர் என்று அழுத்திக்கொண்டே போய், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்பதைப் பதினோரு முறை கேட்டு முடித்த பிறகு ஒரு பெண் பேசினார்.

"மேம், உங்க ப்ராடக்ட் வாரன்டி எக்ஸ்பயர் ஆயிருச்சு."

"தெரியும்ங்க. என்ன ப்ராப்ளம்னு பார்க்கணும்."

"வாரன்டி எக்ஸ்பயர் ஆனதால சார்ஜபிள் சர்வீஸ்தான் மேம்."

"சரி, சார்ஜபிள். என்ன ப்ராப்ளமா இருக்கும்?"

"அதை எஞ்சினியர் சொல்வாங்க மேம். வேற எதாவது உதவி வேணுமா?"

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் முன்னால் இருக்கும் திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் அவரால் சொல்ல முடியும்.

சர்வீஸ் சென்டரில் அன்று நல்ல கூட்டம். மிக்ஜாம் புயலின் வெள்ளம் வடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வேளச்சேரியிலிருந்தும் பள்ளிக்கரணையிலிருந்தும் வந்தவர்கள் மடியில் ஆளுக்கொரு லேப்டாப். சிலவற்றின் விசைகளுக்கு நடுவே காய்ந்த சேறு அப்படியே இருந்தது. டோக்கன் எண் 41. கவுன்டரில் இருந்த பையன் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி பட்டுச்சா மேடம்?" நான் இருப்பது இரண்டாவது மாடி என்றேன். நம்பாத மாதிரி பார்த்துவிட்டு உள்ளே எடுத்துப் போனான். பார்ப்பதற்குக் கட்டணம் 500, அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 590.

அரைமணி நேரத்தில் எஸ்டிமேட் வந்தது. மதர்போர்டு 36,200. கூலி 1,500. வரி 6,786. மொத்தம் 44,486 ரூபாய். லேப்டாப்பையே நான் வாங்கியது 68,400க்கு.

"போர்டுல என்ன போயிருக்கு தம்பி?"

"போர்டு போயிருக்கு மேடம்."

"போர்டுல எது?"

"அதெல்லாம் நாங்க பார்க்க மாட்டோம் மேடம். போர்டு மாத்துறதுதான்."

பழைய போர்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டேன். முடியாதாம், அதைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். அங்கே அதை என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. புதிதாகப் போடும் போர்டுக்கு எத்தனை நாள் வாரன்டி? மூன்று மாதம். அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கி, "இதுக்குப் புதுசே வாங்கிரலாம் மேடம். எங்ககிட்ட இருந்து எக்ஸ்சேஞ்ச் கூப்பன் ஒண்ணு மெயில்ல வரும், ஏழு பர்சென்ட்" என்றான். அன்று மாலையே வந்தது.

அந்த எஸ்டிமேட் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் 'பிரச்சினை' என்ற கட்டத்தில் 'பவர் வரவில்லை' என்றும், 'தீர்வு' என்ற கட்டத்தில் 'மதர்போர்டு மாற்றம்' என்றும் இருக்கிறது. பவர் வரவில்லை என்பது நான் சொன்னது. காய்ச்சல் என்று டாக்டரிடம் போனவனுக்குச் சீட்டில் 'காய்ச்சல்' என்று எழுதி, உடம்பையே மாற்றச் சொல்வதுபோல் இருந்தது. எனக்கும் அவர்களுக்கும் நடுவே 590 ரூபாய் கைமாறியிருந்தும், என்ன பழுது என்று அதுவரை ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

தமிழில் ரிப்பேருக்கு 'பழுது பார்த்தல்' என்கிறோம். 'பழுது நீக்குதல்' என்றும் சொல்வதுண்டு. ஆனாலும் தெருவில், சைக்கிள் கடைப் பலகையில், பேச்சில் நிலைத்திருப்பது பார்த்தல்தான். என் தொழிலும் பார்த்தல்தான், மெய்ப்பு பார்த்தல். 240 பக்கப் புத்தகத்தில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தால் அந்த வரியைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைப்பதுதான் என் வேலை. புத்தகத்தையே மறுபடி எழுதித் தரச் சொன்னால் எந்த எழுத்தாளரும் என்னை வாசலோடு அனுப்பிவிடுவார். அந்த கவுன்டரில் எனக்குச் சொல்லப்பட்டது அதுதான்.

மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். காஸினோ தியேட்டருக்குப் பக்கம் இருக்கிற இந்தத் தெருவும், அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் சேர்ந்துதான் சென்னைக்காரர்களின் 'ரிச்சி'. வொயரிலிருந்து சிசிடிவி வரை எல்லாம் கிடைக்கும். கடைக்காரர்கள் ஒவ்வொருவரும் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். ஒரு பதிப்பாள நண்பர் சொன்ன கடை இரண்டாவது மாடியில் இருந்தது. ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற முடியாத படிக்கட்டு. உள்ளே எட்டுக்கு எட்டு அறை, ஒரு மைக்ராஸ்கோப், ஈய வாசனை, சுவரோரம் அடுக்கியிருந்த வெள்ளத்து லேப்டாப்கள்.

"அண்ணா, பவரே வரலை. போர்டு மாத்தணும்னு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது?" என்றார், தலையைத் தூக்காமலே. "பார்ப்போம்மா."

அந்தச் சொல்லை முதல்முறையாக அங்கேதான் கேட்டேன்.

பின்பக்கத் திருகுகளைக் கழற்றினார். பேட்டரியை எடுத்துத் தள்ளி வைத்தார். மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தரையிணைப்பிலும் இன்னொன்றை சார்ஜர் கரன்ட் உள்ளே நுழைகிற பாதையிலும் வைத்தார். பீப் என்று கத்தியது. "ஷார்ட்டு" என்றார். 19 வோல்ட் போக வேண்டிய பாதை எங்கேயோ நேராகத் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒட்டினால் போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்த மின்சாரத்தையும் மூடிவிடும். அது சாகவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறது.

அடுத்து அவர் செய்ததை நான் மைக்ராஸ்கோப்பின் திரையில் பார்த்தேன். வெளியிலிருந்து ஒரே ஒரு வோல்ட் மட்டும் அந்தப் பாதைக்குள் செலுத்தினார். போர்டின்மேல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவினார். ஷார்ட் ஆன இடம் சூடாகும், சூடான இடத்தில் ஆல்கஹால் முதலில் காய்ந்துவிடும். பளபளவென்று ஈரமாக இருந்த பச்சைப் பலகையில் ஓர் இடம் மட்டும் சட்டென்று வெளுத்தது. நொய்யரிசி அளவு செராமிக் கெபாசிட்டர். அதன் இடுப்பில் ஒரு மெல்லிய விரிசல்.

சூடான காற்றை ஊதி அதைக் கிடுக்கியால் எடுத்தார். மறுபடி மீட்டர் வைத்தார். சத்தமில்லை. செத்துப்போன வேறொரு போர்டிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்துப் பொருத்தினார். சார்ஜரைச் செருகினார். விளக்கு எரிந்தது. மொத்தம் 40 நிமிடம், 2,500 ரூபாய்.

"30 நாள் கேரன்டி. பில்லு கேட்காத" என்று சிரித்தார்.

எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். 2011இல் ஆரம்பித்து அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுத்தார்களே, அதில்தான் கை பழகியதாம். "ஊர்ல சர்வீஸ் சென்டர் ஏதும்மா? பசங்க எங்கிட்டதான் தூக்கிட்டு வருவாங்க. திறந்து திறந்து பார்த்துதான்." இப்போது எது எங்கே போகிறது என்று காட்டும் சர்க்யூட் படம் இல்லாமல் எதையும் செய்ய முடியாது. அந்தப் படத்தைக் கம்பெனிகள் வெளியே தருவதில்லை. டெலிகிராம் குழுக்களில் காசு கொடுத்து வாங்குகிறார். "உடம்புக்குள்ள எது எங்க இருக்குன்னு டாக்டருக்கே சொல்லமாட்டோம்ங்கிறாங்க. சொன்னா கடை நடக்குமா அவங்களுக்கு?"

இதை எழுதும்போது ரிச்சி ஸ்ட்ரீட்டைக் கோயிலாக்கிவிடக் கூடாது என்பதிலும் கவனமாக இருக்கிறேன். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பார்க்கவிடாத கடைகளும் அதே தெருவில் உண்டு. நல்ல ரேமைக் கழற்றிப் பழையதைப் போட்டுக் கொடுத்த கதைகளும் உண்டு. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையனின் லேப்டாப் ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. ப்ராஸசரே போய்விட்டது, வேண்டாம் என்று அண்ணன் அவனிடம் காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பையன் ரொம்ப நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். எல்லா பழுதும் சரியாகாது. ஆனால் சரியாகாது என்பதையும் யாரோ பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று புத்தகங்களும் அச்சுக்குப் போனபின், விரிசல் விட்ட கெபாசிட்டரின் புகைப்படத்தை இணைத்துக் கம்பெனிக்கு ஒரு மெயில் எழுதினேன். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. 590 ரூபாய்க்கு என்ன சோதித்தீர்கள், அந்த அறிக்கையைத் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். 'உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம், உங்கள் சாதனம் வாரன்டிக்கு வெளியே உள்ளது' என்று பதில் வந்தது. 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அவர்கள் அதைக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். கம்பெனி அதே வாக்கியத்தை அவர்களுக்கும் அனுப்பியது. புகார் முடிக்கப்பட்டது.

அதற்குப் பிறகுதான் சட்டத்தைப் படிக்க உட்கார்ந்தேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கிற மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு ஓட வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் பொருளில் குறை இருந்தது என்று நான் நிறுவ வேண்டும். அதற்கு அந்தக் குறை என்னவென்று எழுதிய தாள் வேண்டும். அந்தத் தாளைத்தான் அவர்கள் தரவில்லை. வாரன்டி முடிந்ததும் நம் கையிலிருந்து போவது இலவச சர்வீஸ் மட்டுமல்ல, என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்கிற வழியும்தான்.

இது லேப்டாப்புக்கு முன்னாலேயே காருக்கு நடந்த கதை. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்று 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24இல் அதற்கென ஒரு இணையதளமும் திறந்தது. பயனுள்ளதுதான். ஆனால் கம்பெனிகள் தாங்களாகத் தரும் விவரங்களை அடுக்கி வைக்கும் பலகை அது. தராதவனைத் தரவைக்கிற சட்டம் அல்ல. என் லேப்டாப் செத்த அதே டிசம்பரின் 28ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தில் அப்படிப்பட்ட ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. அதன்படி கம்பெனிகள் உதிரிபாகம், கருவி, வழிமுறைக் குறிப்பு ஆகியவற்றை வெளியாட்களுக்கும் தர வேண்டும். அதிலும் ஓட்டைகள் நிறைய. 2023 ஜூலைக்கு முன் தயாரானவற்றுக்கு அது செல்லாது, தனித்தனி பாகமாகத் தராமல் முழு அசெம்பிளியாகத் தருவதற்கும் இடம் இருக்கிறது. இருந்தாலும் பார்க்கும் வழியை மறைக்கக் கூடாது என்று ஓர் அரசாங்கம் எழுதி வைத்திருக்கிறது.

நம் ஊரில் அது வரும்வரை நம்மிடம் இருப்பது ஒரு கேள்விதான். லேப்டாப்போ வாஷிங் மெஷினோ போனோ, கவுன்டரில் எஸ்டிமேட் நீட்டும்போது விலையைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். அந்தப் பையனுக்கும் அந்த விலைக்கும் சம்பந்தமில்லை. "எந்த பாகம் போச்சு? எப்படிப் பார்த்தீங்க? எழுதிக் கொடுங்க" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள். பரவாயில்லை, கேட்டதையும் தராததையும் அன்றே ஒரு மெயிலில் போட்டு வையுங்கள். தேதியோடு இருக்கும். நாளைக்கு ஆணையத்தின் முன் நிற்க வேண்டி வந்தால் நம் கையில் அதாவது இருக்க வேண்டும்.

நான் என் மெயில்களை எல்லாம் அச்சடித்து, 44,486 ரூபாய் எஸ்டிமேட்டையும் சேர்த்து ஒரு கோப்பாகக் கட்டினேன். மாவட்ட ஆணையத்துக்கான மனுவை எழுதி முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் இரண்டு முறை மெய்ப்பும் பார்த்தேன்.