மேல்மாடித் தண்ணீர்

சென்னை மண்ணடியில் பழைய கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் நம் அலுவலகம் இருக்கிறது. கீழே முதிய தாள் வணிகர் ஒருவரின் கடை. 2022ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரை நிறுத்த மறந்து வீடு திரும்பிவிட்டோம். தொட்டி நிரம்பி வழிந்தது; உபரிநீர்க் குழாயோ குப்பையால் அடைபட்டிருந்தது. திங்கட்கிழமை காலை நம் கணக்கேடுகள் நனைந்து கிடந்தன. கீழே தாள்கட்டுகள் ஊறிப் பருத்திருந்தன.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பதுதான் நமக்கு முதலில் தோன்றிய ஆறுதல். பத்திரத்தை எடுத்துப் படித்தோம். தீ விபத்துக் காப்பீட்டிலேயே தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடித்தோ வழிந்தோ விளையும் சேதமும் அடங்கியிருந்தது. ஆனால் அது நம் பொருளுக்கு மட்டுமே. நம் தவற்றால் பிறர் பொருள் கெட்டால் ஈடுசெய்யப் பொறுப்புக் காப்பீடு தனியே வேண்டும். அதை நாம் எடுத்திருக்கவில்லை.

வழக்கறிஞர் நண்பரை நாடினோம். அவர் ஒரு பழைய வழக்கைச் சொன்னார். கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து சென்னை ரயில்வே கம்பெனிக்குச் சேதம் விளைந்தது. 1874இல் பிரிவி கவுன்சில் ஜமீன்தாரைப் பொறுப்பாக்கவில்லை; குடிகளுக்காக ஏரிகளைப் பேணுவது அவர் கடமை என்றது. நமக்கு உயிர் வந்தது.

"ஜமீன்தாரிடம் கவனக்குறைவு இல்லை. உங்களிடம்?" என்றார் நண்பர்.

கீழே இறங்கிச் சென்று, "தவறு எங்களுடையதே, ஐயா" என்றோம்.

"போகட்டும் பாய், மன்னித்தேன் என்று எழுதியே தருகிறேன்" என்றார் பெரியவர்.

நாம்தான் தடுத்தோம். அவரும் காப்பீடு செய்தவர். இழப்பீடு கொடுத்த நிறுவனம் அவர் இடத்தில் நின்று, தவறு செய்தவரிடம் அத்தொகையைக் கேட்கலாம். அந்த உரிமையை அவரே எழுதிக்கொடுத்து அழித்துவிட்டால் அவருடைய இழப்பீட்டுக்கே இடையூறு நேரும். நம்மைக் காக்கும் அவருடைய பெருந்தன்மை அவரையே கெடுக்கக் கூடாதல்லவா?

மற்றொரு சிக்கலும் இருந்தது. கடையில் 10 லட்ச ரூபாய்ச் சரக்கு. காப்பீடோ 5 லட்சத்துக்குத்தான். 2021 ஏப்ரல் முதல் சிறு தொழில்களுக்கு வந்த பத்திரத்தில் 15 விழுக்காடு வரையிலான குறைவையே பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் காப்பீட்டின் விகிதப்படியே இழப்பீடும் குறையும். ஆகவே 80 ஆயிரம் ரூபாய்ச் சேதத்துக்கு அவருக்குக் கிடைத்தது 40 ஆயிரமே. எஞ்சியதை நாம் கொடுத்தோம். சில மாதங்கள் கழித்து, தான் கொடுத்த 40 ஆயிரத்தைக் கேட்டு நிறுவனம் நமக்குக் கடிதம் எழுதியது. அதையும் தவணையில் கட்டி முடித்தோம்.

இப்போது தொட்டி நிரம்பினால் மோட்டார் தானே நின்றுவிடும். மாதந்தோறும் உபரிநீர்க் குழாயைத் துப்புரவு செய்கிறோம். பொறுப்புக் காப்பீடும் எடுத்துவிட்டோம். அதில் ஒரு நிபந்தனை: நிறுவனத்தின் எழுத்துமூல இசைவின்றி நாம் எவரிடமும் தவற்றை ஒப்புக்கொள்ளக் கூடாது. வணிகத்தில் அதற்கு நியாயம் இருக்கிறது, கையொப்பமும் இட்டோம். ஆயினும், அந்தப் பத்திரம் அன்றே நம்மிடம் இருந்திருந்தால், பெரியவரின் முகத்தைப் பார்த்துச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நாம் சொல்லியிருக்க முடியாது.