சேக்காளியோடு ஒரு புத்தகம்

இடைசெவல் என்றதும் கரிசல்காட்டுக்காரர்களுக்கு இரண்டு பேர் சேர்ந்தே நினைவுக்கு வருவார்கள். எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் கோவில்பட்டி பக்கத்து அந்தச் சின்ன ஊரில் ஒன்றாக வளர்ந்தவர்கள். அழகிரிசாமி பத்திரிகை வேலையாகச் சென்னைக்கும், பிறகு மலேயாவுக்கும் போனார். கி.ரா. ஊரில் விவசாயம் பார்த்தார். நடுவில் கடிதங்கள் ஓடின. 1970-இல் அழகிரிசாமிக்கும் 1991-இல் கி.ரா.வுக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஒரே மண்ணை எழுதியும் ஒருவர் வாக்கியத்தை இன்னொருவருடையது என்று யாரும் மாற்றிச் சொல்லிவிட முடியாது. எனக்கு அவர்களிடம் ரொம்பப் பிடித்தது அதுதான்.

நானும் என் சேக்காளியும் ஐம்பதைத் தாண்டிய வயதில் பிள்ளைகளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் செய்ய உட்கார்ந்தபோது அந்த இருவரையும் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். கதை நான், படம் அவன். அதற்கப்புறம் நான் வெளியூர் வேலைக்குப் போய்விட்டேன். அவன் கோவில்பட்டியில் போர்டு எழுதினான். சிறுவயதில் அவனுக்கு வாத்தியார் யாரும் கிடையாது, வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டர்தான். நாடகத் திரைச்சீலைகள் வரைந்து, பிறகு கோவில்பட்டியிலேயே தங்கிவிட்ட கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு வீடு தொங்கிய காலம் அது. அந்த மீனாட்சியின் விரல்களைப் பார்த்துப் பார்த்து இவன் விரல் வரையப் பழகினான். ஃப்ளெக்ஸ் வந்து போர்டு வேலையைத் தின்ற பிறகும் தூரிகையைக் கீழே போடவில்லை. கோயில் சுவர், பள்ளிக்கூடச் சுவர் என்று கிடைத்ததை எழுதிக்கொண்டிருந்தான்.

பழைய சிநேகம் இருக்கிறதே, வேலை தானாக நடந்துவிடும் என்று நினைப்பார்கள். அப்படி நடப்பதில்லை. ஆரம்பத்தில் இருவரும் பழைய பன்னிரண்டு வயதுப் பையன்களாகவே பேசிக்கொண்டிருந்தோம். நான் சொன்னதை அவன் வரைவான் என்று நானும், நான் சொல்லட்டும் என்று அவனும் காத்திருந்தோம். வந்த படங்கள் அழகாக இருந்தன. ஆனால் என் வரியில் இருந்ததற்கு மேல் ஒரு புல்கூட அவற்றில் முளைத்திருக்கவில்லை.

கமலை வரும் பக்கத்துக்கு வந்தபோதுதான் அது மாறியது. கதையில் ஒரு தாத்தா மாடு பூட்டிய கமலையால் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறார். 'தாத்தா மாடுகளை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்' என்று எழுதியிருந்தேன். அவன் வரைந்து கொண்டுவந்த படத்தில் தாத்தா நடக்கவில்லை. மாடுகள் சரிவில் இறங்க, அவர் வடத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். ஆள் கனமும் சேர்ந்து இழுத்தால் மாட்டுக்குச் சுமை குறையும். கூனை மேலே வந்து தண்ணீரைக் கொட்டியதும் மாடுகள் பின்னாலேயே ஏறும், தாத்தாவும் இறங்கிப் பின்வாங்குவார். வடத்தில் முறுக்கு, கால் பெருவிரல் தரையைத் தொட்டும் தொடாமலும் இருப்பது எல்லாம் படத்தில் இருந்தது.

"டே, நடந்தா போவாரு? வடத்து மேலயில்ல உக்காந்து போவாரு. நம்மளயும் மடியில வச்சிக்கிட்டுப் போவாரே, மறந்துட்டியா?" என்றான்.

என் வரியை அடித்தேன். அதற்குப் பதில் வேறு வரி எழுதவும் இல்லை. அந்தப் பக்கத்துக்கு வார்த்தையே வேண்டாம் என்று பட்டது. கதையின் ஓட்டத்தை அந்த ஒரு படம் திருப்பிவிட்டது. தாத்தாவின் மடியில் உட்கார்ந்து சரிவில் இறங்கும் பையன் கதைக்குள் வந்தான். அதுவரை அவன் கதையிலேயே இல்லை. முப்பது வருடங்கள் சுவர் எழுதியவனின் கண்ணுக்கு, எந்த இடத்தை வெறுமையாக விட வேண்டும் என்று தெரிந்திருந்தது. அவன் தொழிலில் கற்றது அது. அந்த வருடங்கள் பூராவும் நான் அவன் பக்கத்தில் இல்லை.

புதிதாய்ச் சேர்ந்த ஓவியரிடம் கமலையை விளக்க எனக்கு நாலு பக்கம் வேண்டியிருக்கும். இவனிடம் 'மேலத்தோட்டம்' என்றால் போதும், புளியமரத்தின் நிழல் எந்தப் பக்கம் விழும் என்பது வரை வந்துவிடும். இந்தச் சொத்து விலைக்குக் கிடைக்காது. ஆனால் சொத்தை மட்டும் வைத்துப் புத்தகம் ஆகாது. பிரிந்திருந்த காலத்தில் ஒவ்வொருவரும் தனியாகச் சம்பாதித்ததைக் கொண்டுவந்து அதன்மேல் வைக்க வேண்டும். கி.ரா. ஊரிலேயே இருந்ததும் அழகிரிசாமி கடல் தாண்டிப் போனதும் அவரவர் எழுத்துக்குச் சேர்த்தது எவ்வளவு என்று இப்போது யோசிக்கிறேன்.

புத்தகம் இரண்டு பாரம், முப்பத்திரண்டு பக்கம். படங்கள் முடிந்துவிட்டன. அட்டைக்குத்தான் இன்னும் சண்டை. அவன் மாட்டின் முகம் போதும் என்கிறான், நான் பையனும் வேண்டும் என்கிறேன். தலைப்பை அச்செழுத்தில் கோக்கக் கூடாது, தூரிகையால் அவனே எழுத வேண்டும் என்பதில் மட்டும் எங்களுக்குள் பேச்சே எழவில்லை.