மலை ஏறும் ரிமோட் கார்

"இந்த வண்டி எவ்ளோ ஸ்பீடு போகும்?" ஆர்சி கார் வைத்திருப்பவரிடம் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். கோயம்புத்தூரில் ஒரு காலி மைதானத்தில் நின்று கேட்டால் இதில் அர்த்தம் இருக்கிறது. குன்னூரிலோ கோத்தகிரியிலோ கேட்டால்? அங்கே ஐம்பது மீட்டர் சமதளம் கிடைப்பதே பெரிய விஷயம். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, இன்னொரு பக்கம் பள்ளம், நடுவில் பாசி பிடித்த படிக்கட்டு. அங்கே முதலில் கேட்கவேண்டியது வேறு: ஏறுமா? ஏறினால் நிற்குமா?

ஆர்சி என்பது ரேடியோ கன்ட்ரோல். திருவிழாக் கடையில் விற்கும் ரிமோட் கார் இந்தக் கணக்கில் வராது. அது கெட்டால் குப்பை. ஹாபி வண்டி என்றால் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றலாம், ஒவ்வொரு பாகத்தையும் தனியாக வாங்கி மாற்றலாம். இத்தாலியின் எல்ஜி கம்பெனி 1966-ல் ஒரு ஃபெராரி மாடலை விட்டது. 1976-ல் ஜப்பானின் தமியா போர்ஷே 934-ஐ கிட்டாகக் கொடுத்த பிறகு இது பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. இன்று நம் ஊர்ப் பையன்கள் பலருக்கு முதல் வண்டி டபிள்யூபிஎல் மாதிரியான சீனத்து 1:16 ஜீப்போ குட்டி லாரியோதான். விலை கையைக் கடிக்காது. கடிப்பது அதற்குப் பிறகுதான் :-)

வண்டி வந்த ஒரு வாரத்தில் அப்கிரேட் ஆசை வந்துவிடும். பத்தில் எட்டுப் பேர் முதலில் மாற்றுவது மோட்டாரை. சரிவில் ஏறவில்லையா, பவர் போதவில்லை, பெரிய மோட்டார் போடு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாக்கெட் மணி முழுக்கக் கரைவது இந்த இடத்தில்தான்.

பிளஸ் ஒன் பிசிக்ஸில் உராய்வுக் கோணம் என்று ஒன்று வரும். பரீட்சைக்குப் படித்துவிட்டு அங்கேயே விட்டுவிடுகிற விஷயம். ஒரு சரிவில் சக்கரம் வழுக்காமல் எவ்வளவு தூரம் ஏறலாம் என்பதை டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வு எண்தான் முடிவு செய்கிறது. எண் 0.6 என்றால் சுமார் 31 டிகிரி. மழையில் ஊறிய சேற்றில் அது 0.3-க்கு இறங்கினால் சுமார் 17 டிகிரி, அவ்வளவுதான். இந்தக் கணக்கில் மோட்டார் எங்கேயுமே வரவில்லை, கவனித்தீர்களா? பெரிய மோட்டார் போட்டால் சக்கரம் இன்னும் வேகமாக ஒரே இடத்தில் சுற்றும். மண்ணைத் தோண்டும். வண்டி ஏறாது. இதுவும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்குத்தான். ரெண்டு சக்கரம் மட்டும் இழுத்தால் ஏறக்குறையப் பாதியை மறந்துவிடலாம்.

இந்தப் பாடத்தை நீலகிரி எப்போதோ படித்துவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ல் ரயில் வந்தது, ஊட்டிக்கு 1908-ல். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. அதிகபட்சம் சுமார் 12 அடிக்கு ஒரு அடி, அதாவது ஐந்து டிகிரிகூட இல்லை. ஒரு சாதாரண ஆர்சி ஜீப் சிரித்துக்கொண்டே ஏறும் சரிவு! ஆனால் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில், அதுவும் மலை மழையில், பெட்டிகளையும் தள்ளிக்கொண்டு போகவேண்டுமே. எஞ்சினைப் பெரிதாக்கிப் பயனில்லை, சக்கரம் வழுக்கத்தான் செய்யும். அதனால் நடுவில் பல் வைத்த சட்டங்களைப் பதித்தார்கள். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் ஏற்பாடு. பல் சட்டம் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம். ஒரு பல் விடுபடும் நேரத்தில் இன்னொன்று பிடித்திருக்கும்.

எஞ்சின் இன்னும் அழகு. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த எக்ஸ் வகை. 1914-லிருந்து 1925 வரை 12, 1952-ல் மேலும் 5. இதில் நாலு சிலிண்டர். சமதளத்தில் ரெண்டு மட்டும் வேலை செய்து சாதாரண சக்கரத்தைச் சுற்றும். பல் சட்டம் வந்ததும், அந்த ரெண்டில் வேலை முடித்து வெளியேறும் நீராவி வீணாகாமல் மற்ற ரெண்டு சிலிண்டர்களுக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். பல் சட்டப் பகுதியில் வேகம் மணிக்கு சுமார் 13 கி.மீ. நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் எரியும் எஞ்சின்கள் பின்னால் வந்தன. 2021-ல் நிலக்கரியில் ஓடும் புது எக்ஸ் எஞ்சினை திருச்சி பொன்மலைப் பணிமனையே முழுதாகச் செய்தது. நூறு வருஷத்தில் இத்தனை நடந்தும் வேகத்தைக் கூட்டுவதை யாரும் பெரிய லட்சியமாக வைத்துக்கொள்ளவில்லை.

சரி, குட்டி ஜீப்புக்கு வருவோம். பல் சட்டம் பதிக்க முடியாது. பிறகு எதை மாற்றுவது?

முதலில் டயர். கொஞ்சம் மிருதுவான ரப்பர், உள்ளே ஸ்பாஞ்ச். ஈர நிலத்தில் ஓட்டினால் ஸ்பாஞ்ச் தண்ணீர் குடித்து வீங்கும். டயரின் நடுவில் ரெண்டு மூன்று சின்ன ஓட்டை போட்டுவிட்டால் ஓடும்போதே தண்ணீர் வெளியே தெறித்துவிடும். செலவு ஒரு ஊசி.

அடுத்தது கியர். மோட்டார் முனையில் இருக்கும் 20 பல் பினியனை எடுத்துவிட்டு 12 பல் போட்டால் வேகம் 60 சதவீதமாகக் குறையும், இழுவை 1.67 மடங்காகும். பினியன் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மோட்டாரும் பிழைக்கும். ஏனென்றால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுப்பது சுற்ற முடியாமல் திணறி நிற்கும்போதுதான். சரிவில் புகைந்து செத்த மோட்டார்களில் நிறைய, பவர் போதாமல் சாகவில்லை. கியர் சரியில்லாமல் செத்தவை.

பிறகு எடை. எடை கூட்டினால் பிடிப்பு கூடும் என்பார்கள். கூடும்தான், ஆனால் மேலே தூக்கவேண்டிய சுமையும் அதே அளவு கூடுமே. விஷயம் எடை எங்கே இருக்கிறது என்பதில். ஏற்றத்தில் பாரம் பின்னால் சரிந்து முன்சக்கரம் அந்தரத்தில் ஆடும், அப்புறம் குட்டிக்கரணம். பேட்டரியை முன் ஆக்சில் பக்கம் நகர்த்தவேண்டும், உயரத்தில் வைக்கக்கூடாது. கடையில் பித்தளை வெயிட் விற்கிறார்கள். வீல் பேலன்ஸ் செய்யும் கடையில் கிடைக்கும் ஒட்டு வெயிட்டை முன்சக்கர ரிம்முக்குள் ஒட்டினாலும் அதே வேலைதான் நடக்கும். கூரை மேல் கேரியர், ஸ்டெப்னி, ஜெர்ரி கேன் எல்லாம் போட்டோவுக்கு சூப்பர். சரிவில் எமன்.

ஏறியாயிற்று, நிற்கவேண்டாமா? மலை ரயிலில் எஞ்சின் கீழ்ப்பக்கம் இருந்து தள்ளும், இழுக்காது. இணைப்பு விட்டுப்போனாலும் பெட்டிகள் எஞ்சின் மேல்தான் சாயும், பள்ளத்துக்கு ஓடாது. அதற்கு மேல் பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் வேறு. ஆர்சியில் இந்த வேலையைச் செய்வது டிராக் பிரேக். ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மலிவான இ.எஸ்.சி. பலவற்றில் இது கிடையாது, இருந்தாலும் வலு குறைவு. மலைக்காரர் மோட்டாருக்கு எடுத்துவைத்த காசை இதில் போடுவது புத்திசாலித்தனம். சிக்னல் அறுந்தால் வண்டி தானாக நிற்கும்படி ஃபெயில்சேஃபையும் செட் செய்துவிடவேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மூடுபனி பெரிய விஷயமில்லை. ஆனால் வளைவு திரும்பி மண்மேட்டுக்குப் பின்னால் போனாலோ, நனைந்த தேயிலைச் செடிகளுக்குள் புகுந்தாலோ சிக்னல் படுத்துவிடும். தேயிலை வரிசைக்குள் உருண்டு போன வண்டியைத் தேடுவது தனி ஹாபி.

நைட்ரோ எஞ்சின் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டி 2240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். கீழே டியூன் செய்த எஞ்சின் மேலே எரிபொருள் அதிகமாகி இருமும். ஊசியைத் திருகிச் சரிசெய்தாலும் இழந்த பவர் முழுதாகத் திரும்பாது. எலக்ட்ரிக் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, அதற்கு எதிரி குளிர். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் லிப்போ பேட்டரி மந்தமாகிவிடும், சின்ன ஏற்றத்துக்கே வோல்டேஜ் சரியும். வெயில் வரும்வரை பொறுமை இல்லாதவர்கள் பேட்டரியைத் தனியாகக் கழற்றி, முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி மூடி, ஸ்வெட்டருக்கு உள்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கிளம்புவது நல்லது. வீடு திரும்பியதும் சில்லிட்ட பேட்டரியை அப்படியே சார்ஜில் போடக்கூடாது. முதலில் அறைச் சூட்டுக்கு வரட்டும், அதற்குள் சக்கரத்தைக் கழற்றி பேரிங்கைத் துடைத்து எண்ணெய் விட்டுவிடலாம்.