நாலு நாட்டுக்கு ஒரு புத்தகம்



தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் போக எந்த வழிகாட்டிப் புத்தகம் வாங்கலாம் என்று சிலர் கேட்டீர்கள். பிள்ளைகள் படிப்புக்காக முப்பது வருடம் தள்ளிப்போட்ட பயணம் எங்களுடையது. ஓய்வூதியப் பணம், ஒவ்வொரு டாலரையும் எண்ணித்தான் எடுத்தோம்.

ஒரே நாட்டில் ஒரு மாதம் தங்குகிறவர்களுக்குத்தான் தனிப் புத்தகம். நாலையும் சுற்றி வருபவர்களுக்கு நாலும் சேர்ந்த ஒன்று போதும். 1975-இல் டோனி, மௌரீன் வீலர் தம்பதி தென்கிழக்காசியாவுக்கு எழுதிய மஞ்சள் அட்டைப் புத்தகம் அந்த வகைதான்.

வாங்குமுன் இரண்டு பாருங்கள். ஒன்று, பதிப்பு ஆண்டு. அங்கோர் கோயில்களுக்கு ஒருநாள் சீட்டு 2017-இல் 20 டாலரிலிருந்து 37 ஆனது. பழைய பதிப்பை நம்பிக் கணக்குப் போட்டால் இருவருக்கு 34 டாலர் துண்டு விழும்.

இரண்டு, எல்லை தாண்டும் பகுதி. தாய்லாந்தின் நோங்காயிலிருந்து மீகாங் பாலம் வழியாக லாவோஸ் தலைநகர் வியஞ்சான் போவது எப்படி என்று தேடுங்கள். பேருந்து, விசா, பணம் மாற்றுவது மூன்றும் தெளிவாக இருந்தால் வாங்கலாம். வண்ணப் படங்களில் மயங்காதீர்கள். அவை கைபேசியிலேயே கிடைக்கும்.

விலை அடிக்கடி மாறும். வழி அவ்வளவு சீக்கிரம் மாறாது. வழியை ஒழுங்காகச் சொல்வதே நல்ல புத்தகம்.

எங்கள் பிரதி அலமாரியில் சும்மாதான் இருக்கிறது. போகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். விலைகளை மட்டும் புதிதாக விசாரித்து, பென்சிலால் ஓரத்தில் குறித்துத் திருப்பித் தாருங்கள், அடுத்தவருக்கு உதவும்.