நான்கு நாள் கல்கத்தா

கல்கத்தாவைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் பலர். ஹூக்ளி நதியையும், ஹௌரா பாலத்தையும், விக்டோரியா நினைவு மண்டபத்தையும், காளி கோயிலையும் அவர்கள் விரிவாகவே வருணித்திருக்கிறார்கள். ஆனால் நான்கு குழந்தைகளின் பின்னால் ஓடிக்கொண்டே அம்மாநகரைப் பார்த்தவர்கள் எழுதிய கட்டுரை எதுவும் எங்கள் கண்ணில் பட்டதில்லை. அக்குறையை இயன்ற அளவு போக்கவே இதை எழுதுகிறோம். 2001ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்பதே அந்நகரின் அதிகாரப்பூர்வமான பெயர். எனினும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நாவில் அது கல்கத்தாவாகவே நிலைத்துவிட்டபடியால் இங்கும் அவ்வாறே வழங்குகிறோம்.

நாங்கள் டில்லிவாசிகள். இளைய சகோதரர் கல்கத்தாவில் உத்தியோகம் பார்க்கிறார். எங்கள் தாயார் அவரோடு இருக்கிறார். முழங்கால் வலியின் காரணமாகத் தாயார் ரயிலேறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. தம்பியின் மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு மூன்று. இந்நால்வரும் ஒருவரையொருவர் கைப்பேசித் திரையில் கண்டார்களேயன்றி நேரில் கண்டதில்லை. எங்கள் குழந்தைகள் தமிழில் கேட்பார்கள், இந்தியில் பதில் சொல்வார்கள். தம்பியின் குழந்தைகள் தமிழில் கேட்பார்கள், வங்காளியில் பதில் சொல்வார்கள். "பேரப்பிள்ளைகளோடு பேச எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் போலிருக்கிறது" என்று தாயார் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னார். அச்சிரிப்பில் இருந்த வருத்தம் எங்களுக்குப் புரிந்தது. குளிர்கால விடுமுறையில் புறப்பட்டுவிட்டோம்.

டில்லியிலிருந்து ஹௌராவுக்குச் சுமார் 1,450 கிலோமீட்டர். நம் நாட்டின் முதல் ராஜதானி விரைவு வண்டி 1969ஆம் ஆண்டில் விடப்பட்டது இவ்விரு ஊர்களுக்கிடையேதான். வண்டி வேகமானதே. ஆனால் வட இந்திய மூடுபனிக்கு ராஜதானியென்றும் பாசஞ்சரென்றும் பேதமில்லை. நான்கு மணி நேரம் தாமதமாக ஹௌராவில் இறங்கி, ஒரு வாடகைக் காரில் எட்டுப் பொட்டலங்களையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு பாலத்தின்மீது சென்றோம். 1943ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாலத்துக்கு 1965ஆம் ஆண்டில் ரவீந்திர சேது என்று பெயர் சூட்டினார்கள். ஆற்றின் நடுவே ஒரு தூணும் இல்லாமல் இரு கரைகளையும் பற்றிக்கொண்டு நிற்கும் அந்த எஃகுக் கட்டுமானத்தை, திருகாணிகள் இன்றி அறையாணிகளாலேயே இணைத்திருக்கிறார்கள் என்று குழந்தைகளுக்கு விளக்கினோம். அந்த விளக்கம் வீண் போகவில்லை என்பது அன்று மாலையே தெரிந்தது.

தம்பியின் வீடு தென் கல்கத்தாவில், ராஷ்பிஹாரி அவென்யூவை அடுத்த ஒரு சந்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறது. தமிழர் பல காலமாகக் குடியிருந்து வரும் பகுதி அது. அருகிலுள்ள லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் காப்பிப் பொடியும் கிடைக்கும். பழைய காலத்துக் கட்டடம். பச்சைச் சாயம் பூசிய சாய்பலகை ஜன்னல்கள், வழுவழுவென்ற சிவப்புச் சிமெண்டுத் தரை, அறைதோறும் உட்புறம் இரும்புத் தாழ்ப்பாள். இரண்டு அறைகளில் அன்று முதல் ஒன்பது பேர். தம்பியின் மாமியாரும் வந்திருந்தார்.

பெரியவர்கள் காப்பி அருந்திக்கொண்டிருந்த கால் மணி நேரத்தில் கூடத்தில் ஹூக்ளி பாயத் தொடங்கிவிட்டது. குளியலறையிலிருந்து மூன்று வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியிருந்தார்கள். அடிக்கோலும் சப்பாத்திக் குழவியும் பாலமாயின. நடுவில் தூண் வைக்கக் கூடாது என்று எங்கள் மகள் கட்டளையிட, பாலம் விழுந்துகொண்டே இருந்தது. நதி பால்கனி வழியே இறங்கிக் கீழ்வீட்டு அம்மையார் உலர்த்தியிருந்த கம்பளிப் போர்வையின்மேல் கடலில் கலந்தது. அம்மையார் மேலே ஏறி வந்தார். தம்பியின் மனைவி வெலவெலத்துப் போனாள். வந்தவரோ நனைந்து நின்ற நால்வரையும் பார்த்தார், திரும்பிப் போனார், சிறிது நேரத்தில் ஒரு தட்டில் சந்தேஷ் கொண்டுவந்தார். வங்காளிகளின் உயர்குணத்துக்கு நூல்களில் சான்று தேட வேண்டிய அவசியம் எங்களுக்கு இனி இல்லை.

அன்றிரவு தாயார் நால்வரையும் சுற்றி உட்கார்த்திச் சாதம் பிசைந்து உருட்டிப் போட்டார். மகன் இடக்கையை நீட்டினான். "அது இல்லை, சோற்றுக்கை, சோற்றுக்கை" என்று தாயார் அவன் வலக்கையைத் தட்டிக் காட்டினார். அச்சொல் அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. படுக்கையிலும் விளையாட்டு நடந்தது. மூக்கு எது, காது எது, முழங்கால் எது என்று பாட்டி கேட்பதும், பேரன் தன் மூக்கை விட்டுப் பாட்டியின் மூக்கைப் பிடிப்பதுமாக நெடுநேரம் சென்றது.

இரண்டாம் நாள் இந்திய அருங்காட்சியகம். 1814ஆம் ஆண்டில் தோன்றிய அது ஆசியாவிலேயே மிகப் பழைமையானது. வங்காளிகள் அருங்காட்சியகத்தை 'ஜாதுகர்', அதாவது மாயாஜால வீடு, என்பார்கள். அப்பெயரைக் கேட்ட எங்கள் மகன் வித்தைக்காரன் எப்போது வருவான் என்று ஒவ்வொரு கூடத்திலும் விசாரித்துக்கொண்டே வந்தான். எகிப்திலிருந்து கொணர்ந்த பதப்படுத்திய உடலின் எதிரில்தான் நால்வரும் அசையாமல் நின்றார்கள். இறந்தவர்கள் மறுவுலகில் பயன்படுத்துவதற்காக அவர்களுடைய பொருள்களையும் உடன் வைப்பது எகிப்தியர் வழக்கம் என்று தம்பி எடுத்துரைத்தார்.

மாலையில் தம்பியின் மகளைக் காணவில்லை. மற்ற மூவரும் வாய் திறக்க மறுத்தார்கள். மாடிப்படி, மொட்டை மாடி, கீழ்வீடு, தெருக்கோடி என்று அரை மணி நேரம் தேடினோம். தம்பியின் மனைவி அழத் தொடங்கிவிட்டாள். கடைசியில் தாயார்தாம் கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்கச் சொன்னார். அங்கே பாட்டியின் புடவையில் கழுத்து வரை சுற்றப்பட்டுக் குழந்தை சுகமாக உறங்கிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் மறுவுலகப் பயணத்துக்காக ஒரு கரண்டியும், இரண்டு பிஸ்கோத்துகளும், காலை முதல் காணாதிருந்த பாட்டியின் மூக்குக்கண்ணாடியும் வைக்கப்பட்டிருந்தன.

மூன்றாம் நாள் சிவ்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் புறப்பட்டோம். இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது கல்கத்தாவில்தான். 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் அது ஹூக்ளி நதிக்கு அடியிலும் ஓடுகிறது. சுமார் 520 மீட்டர் நீளமுள்ள ஆற்றடிச் சுரங்கத்தை முக்கால் நிமிடத்தில் வண்டி கடந்துவிடுகிறது. மீன் தெரியும் என்று ஜன்னலில் முகத்தைப் பதித்திருந்த நால்வருக்கும் அந்த முக்கால் நிமிடம் பெருத்த ஏமாற்றம். மீண்டும் ஒருமுறை போக வேண்டும் என்று நடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

பூங்கா 1787ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அங்குள்ள பேராலமரத்துக்கு வயது 250க்கு மேல். நான்கு ஏக்கருக்கும் அதிகமான நிலத்தில் பரந்து, 3,000க்கும் மேற்பட்ட விழுதுகளை ஊன்றி நிற்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் அதை ஒரு காடு என்றே எண்ணுவார்கள். ஆனால் அம்மரத்துக்கு இப்போது அடிமரம் இல்லை. பூஞ்சணம் பற்றிய அடிமரத்தை 1925ஆம் ஆண்டில் வெட்டி அகற்றிவிட்டார்கள். அதன் பிறகும் விழுதுகளின் பலத்தில் மரம் வளர்ந்துகொண்டே போகிறது. சொந்த ஊரில் வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டு, ஒரு கிளை டில்லியிலும் ஒரு கிளை கல்கத்தாவிலுமாக வாழும் எங்களைப் போன்றவர்கள் அதன் நிழலில் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததில் வியப்பில்லை.

குழந்தைகள் மரத்தை மறந்துவிட்டார்கள், சுரங்கத்தை மறக்கவில்லை. மறுநாள் காலைக்கான இட்லி மாவைத் தம்பியின் மனைவி பெரிய அடுக்கில் கரைத்து வைத்திருந்தாள். குளிர்காலத்தில் மாவு எளிதில் பொங்காதாகையால் அதற்குப் போர்வையும் போர்த்தியிருந்தாள். விடியற்காலையில் போர்வையை நீக்கியபோது, மாவு நன்றாகவே பொங்கியிருந்தது. அதன் நடுவே எங்கள் மகனுடைய பொம்மை ரயிலின் கடைசிப் பெட்டி மட்டும் வெளியே தெரிந்தது. ஆற்றடிச் சுரங்கத்தில் ரயில் இரவெல்லாம் நின்றிருக்கிறது. ஒன்பது பேருக்கும் அன்று காலை ஆகாரம், தெருமுனைக் கடையில் வாங்கிய லூச்சியும் உருளைக்கிழங்கும்.

இவ்வளவும் சிரித்துச் சொல்லக் கூடியவை. நான்காம் நாள் நடந்தது அப்படியன்று. பிற்பகலில் அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. வாயில் மணி ஒலிக்கவே தம்பியின் மனைவி ஒரு நிமிடம் முன்னறைக்குப் போனாள். எங்கள் மகன் சமையலறைக்குள் புகுந்து கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டான். பால் பொங்கி வழிந்து சுடரை அணைத்துவிட்டால், எரிவாயு மட்டும் வந்துகொண்டேயிருக்கும். காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு தரையாகப் படரும். குழந்தையின் உயரம் நாம் அறிந்ததே. நல்ல வேளையாக உருளை பின்பக்கப் பால்கனியில் இருந்தது. தம்பியின் மனைவி ஒரு சொல்லும் பேசாமல் ஓடிச் சென்று அதன் வால்வை மூடினாள். சுடர் அணைந்தது. ஆனால் கொதித்த பால் அடுப்பின்மேலேயே இருந்தது. பாத்திரத்தின் பிடி மேடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பிகளின் வழியே மகனைப் பார்க்க முடிந்ததேயன்றி எட்ட முடியவில்லை.

அவனுக்கும் அச்சம் வந்துவிட்டது. கதவை அறைந்து கதறினான். அவன் தமக்கை 'குண்டீ, குண்டீ' என்று இந்தியில் கூவினாள். தாழ்ப்பாளைக் குறிக்கும் அவ்விந்திச் சொல் தமிழ்ச் செவிக்கு எப்படி ஒலிக்கும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அன்று சிரிக்க ஒருவரும் இல்லை. தம்பியின் மகன் 'சிட்கினி' என்று வங்காளியில் கத்தினான். நாங்கள் தாழ்ப்பாள் என்றோம், பூட்டு என்றோம், இழு என்றோம், தள்ளு என்றோம். கூச்சல் மிகமிகக் குழந்தையின் அழுகையும் மிகுந்து, அவன் அடுப்புப் பக்கமாகப் பின்வாங்கினான்.

"எல்லோரும் வாயை மூடுங்கள்" என்று தாயார் ஒரு குரல் கொடுத்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, மடங்காத அந்த முழங்காலை மடக்கிக் கதவருகில் தரையிலே உட்கார்ந்தார்.

"கண்ணா, பாட்டி இங்கேதான் இருக்கிறேன். அழாதே. கதவண்டை வா. கதவைத் தொடு. அதிலே இரும்பு மூக்கு ஒன்று இருக்கிறதா?"

உள்ளே விம்மல் குறைந்தது. "இருக்கு" என்று பதில் வந்தது. இந்தியில் அன்று, தமிழில்.

"அந்த மூக்கைப் பிடி. மேலே தூக்கு. தூக்கினாயா? சமர்த்து. இப்போது சோற்றுக்கைப் பக்கம் இழு. சோற்றுக்கை எது, பாட்டிக்குச் சாதம் ஊட்டினாயே, அந்தக் கை."

முதல் முறை வரவில்லை, இரண்டாம் முறையும் வரவில்லை. தாயார் குரலை உயர்த்தவே இல்லை. அதே சொற்களை அதே வரிசையில் மறுபடியும் சொன்னார். மூன்றாம் முறை இரும்பு உராயும் ஓசை கேட்டது. கதவு திறந்தது. குழந்தை நேரே பாட்டியின் மடியில் வந்து விழுந்தான். தாயாரைத் தரையிலிருந்து எழுப்ப இருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

அன்றிரவு நால்வரும் பாட்டியைச் சுற்றிப் படுத்திருந்தார்கள். அந்த இரும்புக்குச் சரியான பெயர் என்ன என்று தம்பியின் மகன் கேட்டான். தாழ்ப்பாள் என்றார் தாயார். கதவைத் தாங்குவது நிலை, அதன் கீழே வாசற்படி, தலைக்குமேல் உத்தரம் என்று வீட்டின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். கேட்ட குழந்தைகளில் இருவர் இந்தியிலும் இருவர் வங்காளியிலும் அவற்றுக்குப் பெயர் சொன்னார்கள். நால்வருக்கும் பொதுவாக இருந்த பெயர் பாட்டி சொன்னதுதான்.

இதைப் படிக்கும் குடும்பங்களுக்கு இரண்டொரு வார்த்தை. உறவினர் வீட்டுக்குக் குழந்தைகளோடு செல்பவர்கள் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடு சென்றால் மட்டும் போதாது. போய் இறங்கியதும் அறைக்கதவுகளைப் பாருங்கள். கைக்கெட்டும் தாழ்ப்பாள்களை ஒரு துணியால் கட்டிவிடுங்கள், அடுப்பிலுள்ள பாத்திரத்தின் பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள், எரிவாயுவை எங்கே மூடுவது என்பதை வந்த அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீடு அலங்கோலமாகுமே என்று அஞ்சிப் பயணத்தை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். கைப்பேசித் திரையில் மூக்கைக் காட்டலாம், பிடிக்க முடியாது.

கோடை விடுமுறையில் தம்பியின் குடும்பம் டில்லிக்கு வருகிறது. செங்கோட்டை, குதுப்மினார், ரயில் காட்சியகம் எல்லாம் பார்ப்பதாக ஏற்பாடு. முழங்கால் சற்றுத் தேறினால் தானும் வருவதாகத் தாயார் சொல்லியிருக்கிறார். தச்சரை வரவழைத்து எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள்கள் எல்லாவற்றையும் பெரியவர்கள் உயரத்துக்கு ஏற்றிவிட்டோம். இட்லி மாவுக்கு மூடியுள்ள அடுக்கு ஒன்றும் வாங்கியாகிவிட்டது.